ஆறு மாதத்தில் 'மெடிக்கல் அசிஸ்டன்ட்': பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் இயங்கும் பயிற்சி மையத்தில் என் தங்கை சேர்ந்தாள். 'செர்டிஃபைட் கிளினிக்கல் மெடிக்கல் அசிஸ்டன்ட்', அமெரிக்கச் சான்றிதழ், முடித்ததும் அரசாங்க மருத்துவமனையில் வேலை என்றார்கள். கட்டணம் 6,800 ரிங்கிட். அம்மா கூட்டுச் சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினார். தோட்டத்தில் வளர்ந்தவர் அவர்; எச்.ஏ., அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட், என்றால் இன்றும் அவருக்குத் தனி மரியாதை. அந்த மரியாதையைத்தான் இவர்கள் காசாக்கினார்கள்.

நம் நாட்டில் மெடிக்கல் அசிஸ்டன்ட், அதாவது இன்றைய 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்', 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியத்தில் பதிய வேண்டிய தொழில். அதற்கு அங்கீகாரம் பெற்ற மூன்றாண்டு டிப்ளோமா படிக்க வேண்டும். ஆறு மாத வகுப்பை வைத்துக்கொண்டு அந்த வாசலுக்கே போக முடியாது.

அமெரிக்கச் சான்றிதழ் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் எளிதில் நம்பிவிடுகிறோம். அங்கே நேஷனல் ஹெல்த்கேரியர் அசோசியேஷன் என்ற அமைப்பு மூன்று மணி நேரத் தேர்வு வைத்து அதைக் கொடுக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். தேர்வு எழுதுகிறவர் தன் பெயரிலேயே அந்த அமைப்பில் கணக்குத் திறந்து விண்ணப்பிக்க வேண்டும். தங்கைக்கு அப்படி எதுவுமே நடக்கவில்லை. மையமே ஒரு கேள்வித்தாளை அச்சடித்துக் கொடுத்தது, அப்புறம் தங்க எழுத்தில் ஒரு சான்றிதழை நீட்டியது. அதில் அந்த அமைப்பின் பெயரும் இல்லை, சரிபார்க்க ஓர் எண்ணும் இல்லை.

பயிற்சியாவது உருப்படியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ரத்தம் எடுத்துப் பழக வகுப்புக்கே ஒரு ரப்பர் கை, அதுவும் கிழிந்தது. ஈ.சி.ஜி. கருவி மேசையில் இருந்தது, ஆனால் கடைசிவரை ஓடவில்லை. 'கிளினிக்கல் பயிற்சி' என்று அனுப்பிய இடத்தில் கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயர் பதிந்தாள், மாத்திரை பொட்டலம் போட்டாள். அந்த டாக்டரே கேட்டாராம்: "இந்த வேலைக்கு எஸ்பிஎம் போதும், நாங்களே சொல்லிக் கொடுப்போம். எதுக்கும்மா இவ்வளவு பணம் கட்டினே?" அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவே இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சேரும்போது கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மின் எண்ணைக் காட்டி "அரசாங்கத்தில் பதிந்த மையம்" என்றார்கள். அது வெறும் வியாபாரப் பதிவு, மளிகைக் கடைக்கும் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. டிப்ளோமா என்றால், உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ.வின் எம்.கியூ.ஆர். பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடுங்கள். எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் என்றால், ஜே.பி.கே. எனும் திறன் மேம்பாட்டுத் துறை அந்த மையத்தை அந்தப் படிப்புக்கு அங்கீகரித்திருக்கிறதா என்று கேளுங்கள். மையத்துக்காரர் காட்டும் கைப்பேசிப் படம் போதாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம், "திருப்பித் தரும் பாலிசி இல்லை" என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் வேறொரு கம்பெனியின் பெயர். இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுகிறோம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், ஆனால் மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இதே போலப் பணம் கட்டியவர்கள் ரசீதையும் விளம்பரத் தாளையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். "அரசாங்க வேலை கட்டாயம்" என்று அவர்கள் சொன்ன குரல் பதிவுதான் எங்கள் மனுவில் முதல் ஆதாரம்.