இன்ஸ்பயர் உதவித்தொகையின் கோடை ப்ராஜெக்ட் பணம்: 20,000 ரூபாய் எதற்கு ஆகும், எங்கே சிக்கும்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகையை ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்றே எல்லாரும் சொல்வார்கள். அதில் 60,000 தான் மாதம் 5,000 கணக்கில் வரும் படிப்புத்தொகை. மிச்சம் 20,000, கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரிடம் போய் ப்ராஜெக்ட் செய்வதற்கு. செய்துமுடித்து, அறிக்கையும் கைடின் சான்றிதழும் ஏற்றினால்தான் அது உண்டு. திட்டத்திலேயே அருமையான பகுதி இந்த 20,000 தான். பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவதும் இதைத்தான்.

யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முக்கியமாக, பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் போன்ற அடிப்படை அறிவியல் பாடங்களில் சேர்ந்தவர்களுக்கு. பொறியியலும் மருத்துவமும் கிடையாது. நம் ஊரில் கூட்டம் அலைமோதும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பயோடெக்னாலஜி இரண்டும் பட்டியலில் இல்லை. சீட்டு வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் பெரிய பலம், கைடை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது. கணிதம் படிப்பவர் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கேட்கலாம், மின்வேதியியலில் ஆசை உள்ளவர் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கேட்கலாம். பெரிய பெயர்தான் வேண்டும் என்பதில்லை, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து ஆய்வு செய்யும் பேராசிரியரே போதும். பலவீனமும் அதே இடத்தில்தான்: கைடை யாரும் பிடித்துத் தரமாட்டார்கள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகையில் தேர்வானால் கைடையும் அவர்களே ஒதுக்குவார்கள், காலமும் இரண்டு மாதம். முன்பின் தொடர்பில்லாத மாணவருக்கு அதுவே ஒரு படி மேல். ஆனால் போட்டி கடுமை.

கைடுக்கு எழுத வேண்டியது ஜனவரியில். ஏப்ரலில் எழுதினால் லேபில் இடம் நிரம்பியிருக்கும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண். அவர் சமீபத்தில் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எது புரிந்தது, எதைச் செய்து பார்க்க ஆசை என்று நான்கு வரி எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரமுடியும் என்பதையும், உதவித்தொகை உங்களுக்கு உண்டு, அவரிடம் பணம் எதிர்பார்க்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். சில ஆய்வகங்கள் மாணவர் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கும். அதையும் தங்குமிடத்தையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஏனென்றால் 20,000 பின்னால் வருகிற பணம். வாடகை, மெஸ், பேருந்து எல்லாவற்றையும் முதலில் கையிலிருந்துதான் போட வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது நிஜமான தடை. துறை பாதிப்பணத்தையாவது முன்பணமாகத் தரவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதுவரை, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கைடு தேடுவதே புத்திசாலித்தனம்.

செமஸ்டர் தேர்வு மே வரை இழுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஆறு வாரம். தலைப்பை அந்த ஆறு வாரத்துக்குள் அடக்க வேண்டும். டிஎன்ஏ சார்ந்த வேலை என்றால், அதற்கு வெளியிலிருந்து வரவழைக்கும் பிரைமர் (குட்டி டிஎன்ஏ துண்டு) வந்துசேரவே பாதி நாள் போய்விடலாம். ஆர்டர் போட்டாயிற்றா என்று சேருமுன் கேளுங்கள். ஏரித் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை வாராவாரம் அளப்பது மாதிரியான வேலை இந்தக் கால அளவுக்குக் கச்சிதம். இந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறைக்கு 300 மி.லி. பிஓடி பாட்டில் (காற்றுப் புகாத மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில்), மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு, தயோசல்பேட், ஸ்டார்ச், அமிலம் போதும். பிழை வருவது பெரும்பாலும் தண்ணீர் எடுக்கும் ஏரிக்கரையில்தான். குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு இரண்டையும் அங்கேயே ஊற்றி, பழுப்பு வீழ்படிவு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வெறும் தண்ணீராக லேபுக்குக் கொண்டுபோனால் வழியிலேயே ஆக்சிஜன் அளவு மாறிவிடும். ஒரு வாரம் விடியற்காலை, மறுவாரம் மதியம் என்று எடுத்தாலும் கணக்கு உதவாது. வெயிலில் பாசி ஆக்சிஜனை ஏற்றிவிடும். தயோசல்பேட் கரைசலும் வைக்க வைக்க வீரியம் குறையும், ஆகவே அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனுக்கு முன் அதைத் தரப்படுத்திக்கொள்ள வேண்டும், அதாவது அதன் சரியான வீரியத்தைக் கண்டுகொள்ள வேண்டும்.

வேலை ஒழுங்காக முடிந்தும் பணம் நிற்பது பெயரிலும் வங்கியிலும். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) இல்லாமல் திறந்த சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஆண்டு வரவு 1 லட்சத்தைத் தாண்டக்கூடாது. 60,000 ஒரே தவணையாக வந்தால் அந்தக் கணக்கு தாங்காது. வங்கிக்குப் போய் கேஒய்சி கொடுத்து சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

சான்றிதழில் நிறுவனத்தின் லெட்டர்ஹெட், மார்க் ஷீட்டில் உள்ளபடி உங்கள் பெயர், தலைப்பு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, கைடின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். துறை தரும் படிவத்தை நிரப்பி, கடைசி வாரத் தொடக்கத்திலேயே கைடிடம் நீட்டுங்கள். ஊர் திரும்பியபின் ஒரு முத்திரைக்காக மறுபடி பஸ் ஏற வேண்டியிராது.