பல் கூச்சம்: பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டா, ஃபுளூரைடு வார்னிஷா?

ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்தால், டென்டினில் (எனாமலுக்கு அடியில் உள்ள பல்லின் உள்ளடுக்கு) உள்ள நுண்குழாய்கள் வழியாகக் குளிர்ச்சி நரம்பை எட்டும். அதைத் தடுக்க இரண்டு வழிகள்: நரம்பை அடக்குவது, குழாயின் வாயை அடைப்பது.

5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் முதல் வகை. பொட்டாசியம் அயனிகள் உள்ளே சேர்ந்து நரம்பின் துடிப்பைக் குறைக்கின்றன. தினமும் இருமுறை தேய்த்தாலும் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். பலர் ஒரே வாரத்தில் "இது வேலைக்காகாது" என்று விட்டுவிடுகிறார்கள். துலக்கியதும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது இன்னொரு தவறு. மருந்து அதோடு போய்விடும். நுரையை மட்டும் துப்புங்கள். பேஸ்ட்டை நிறுத்தினால் கூச்சம் மெல்லத் திரும்பும்.

வார்னிஷ் பல் மருத்துவர் பூசுவது. 5% சோடியம் ஃபுளூரைடு, அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 22,600 பங்கு) ஃபுளூரைடு. பல்லைத் துடைத்து, மெல்லிய பூச்சாக இழுப்பார். கால்சியம் ஃபுளூரைடு படிந்து குழாய்களை அடைக்கும். அன்று சூடான பானமும் கடினமான உணவும் வேண்டாம், குறைந்தது 4 மணி நேரம் துலக்கவும் கூடாது. பூச்சு தேய்ந்துபோகும் என்பதால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டிவரும். பைன் பிசின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பல வார்னிஷ்களில் அது உண்டு.

பல பற்களில் லேசான கூச்சமென்றால் பேஸ்ட்டே போதும். ஓரிரு பற்களில் மட்டும் சுரீரென்றால் வார்னிஷ்தான் சரி. குளிர்ச்சி விலகிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால் இரண்டுமே உதவாது. பற்கூழ் (பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் மென்திசு) அழற்சியா என்று பார்க்க வேண்டும்.