பழைய சார்ஜ் டார்ச்சுக்கு எல்.இ.டி. பல்பு

தோட்டத்துக்கு எடுத்துப்போகும் 6 வோல்ட் டார்ச்சில் பழைய இழை பல்பைக் கழற்றிவிட்டு, அதே அடிப்பாகம் உள்ள எல்.இ.டி. பல்பு போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் எரியவில்லை. பிளஸ், மைனஸ் ஒயரை மாற்றிப் பற்றவைத்ததும் பளிச்சென்று வந்தது. (இழை பல்புக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.) வாங்கும்போது வோல்ட்டைப் பாருங்கள்: சார்ஜ் ஏறிய பேட்டரி 6-ஐத் தாண்டும், 3 வோல்ட் பல்பு கருகிவிடும்.

வெளிச்சம் நல்ல வெள்ளை, பரவலாகவும் விழுகிறது. ஆனால் தென்னை உச்சிவரை அடித்த பழைய கூர்மை இல்லை, எல்.இ.டி. சில்லு ரிஃப்ளெக்டரின் குவியத்தில் சரியாக அமையவில்லை. அப்புறம், சார்ஜ் குறையும்போது மஞ்சளாக மங்காமல், கடைசிவரை எரிந்து பட்டென்று அணைகிறது. அப்படி வற்றவிட்டால் ஈய அமில பேட்டரி சீக்கிரம் போய்விடும். அதனால் ராத்திரி காவலுக்குப் போய் வந்தால் காலையிலேயே சார்ஜில் போட்டுவிடுகிறேன்.