பவர்பாயிண்ட்ல ஒட்டறதா, பேட்ச்வொர்க்கா?

வேலூர் மழை, பாலாறு பக்கத்து கிணத்து தண்ணி மட்டம், வெயில்னு மூணு சார்ட்ட ஒரே படமா சேக்கணும், நான் முதல்ல பவர்பாயிண்ட்லதான் ஒட்டிக்கினு இருந்தேன், கண்ணால பாத்து நகத்தலாம், அம்புக்குறி போடலாம், ஈசிதான். ஆனா டேட்டா மாறுனா திரும்ப ஒட்டணும், ஸ்க்ரீன்ஷாட்ட இழுத்தா எழுத்து மங்கிடும். முக்கியமா மூணுக்கும் மாசம்தான் கீழ் அச்சு, அது ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நேரா நின்னாதான் அக்டோபர் மழைக்கு அப்புறம் கிணறு எப்ப ஏறுதுன்னு கண்ணுக்குத் தெரியும்.

ஆர்ங்கற (R) கோடிங் மொழில பேட்ச்வொர்க்னு படங்கள சேக்கற ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுல ஜிஜிபிளாட் (ஆர்ல சார்ட் வரையற பேக்கேஜ்) படங்களுக்கு நடுவுல சாய்கோடு (/) போட்டா மேல கீழ அடுக்கிடும், ஓரமெல்லாம் தானா நேராகும் (மாச ரேஞ்ச் மட்டும் மூணுலயும் ஒண்ணா குடுத்துடுங்க), லெஜண்டையும் (எந்த நிறம் எதுன்னு சொல்ற குறிப்பு) ஒரே இடத்துல சேக்கலாம். கோடிங் பழக கொஞ்ச நாள் ஆகும், ஆகட்டும். ஒரு தடவ காட்டற ஸ்லைடுக்கு பவர்பாயிண்ட் போதும், தீசிஸ்க்கு பேட்ச்வொர்க்தான்.