ஸ்பீடி ஸ்டிச்சர் குத்தூசி: தடித்த படகுப் பாய்க்குத் தாராளமாக வாங்கலாம்

டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியில் செய்த படகுப் பாயில் துணிக்கு முன்பே தையல்தான் பெரும்பாலும் போகும். நூல் துணிக்கு மேலே துருத்தி நிற்பதால் வெயிலும் உரசலும் அதைத்தான் முதலில் தின்னும். அப்படி அவிழ்ந்த இடத்தைப் படகிலேயே தைக்க, அமெரிக்காவில் 1909 முதல் தயாராகும் ஸ்பீடி ஸ்டிச்சரைத் தயங்காமல் சொல்லலாம். மரக் கைப்பிடிக்குள்ளேயே நூல்கண்டு. ஊசியின் கண் நுனிப்பக்கம். தையல் மெஷின் போல இரு நூலும் துணிக்குள் பூட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் அறுந்தாலும் மொத்தத் தையலும் மளமளவென்று பிரிந்துவிடாது.

முதல் குத்தில் மறுபக்கம் நூலை இழுத்து, தைக்கும் நீளத்துக்கு மேல் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள். நூல் நுனியைப் பிடித்தபடி ஊசியை உருவி, 5 மி.மீ. தள்ளி மறுபடி குத்துங்கள். ஊசியை ஒரு செ.மீ. பின்னுக்கு இழுத்தால் நூல் வளையமாக விரியும். நுனியை அதற்குள் விட்டு, ஊசியை எடுத்து, இருபக்கமும் சமமாக இறுக்குங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒருபக்கம் கூடுதலாக இழுத்தால் பூட்டு துணியின் மேலே வந்து உட்காரும், அந்த நூல் சீக்கிரம் உரசி அறுந்துவிடும். பழைய ஓட்டைகளிலேயே குத்துங்கள். டாக்ரானில் புது ஓட்டை மூடிக்கொள்ளாது.

துணியே கிழிந்திருந்தால் தையல் மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கிழிசலைச் சுற்றி 5 செ.மீ. மிஞ்சும்படி ஒட்டு டாக்ரான் போடுங்கள். உப்பு இருந்தால் பசை பிடிக்காது. ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் பெயரும். பிறகு ஓரத்தை வளைந்து வளைந்து தையுங்கள். நேர்கோட்டில் நெருக்கமாகக் குத்தினால் தபால்தலைத் தாள் போல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

இதன் குறை ஊசியின் பருமன். கித்தான் மூடி, பாயின் மூலை, பட்டைகள் எல்லாவற்றுக்கும் அது பலம். ஸ்பின்னேக்கரின் (படகின் முன்னே பலூன் போல உப்பும் பாய்) மெல்லிய நைலானுக்கு வேண்டவே வேண்டாம். கிழிசலின் இருபுறமும் ரிப்ஸ்டாப் டேப் (கிழிசல் பரவாதபடி நெய்த ஒட்டுத்துணி) ஒட்டுவதே சரி. மாற்று நூல் வாங்கும்போது மெழுகிட்ட பாலியெஸ்டராகப் பாருங்கள், நைலான் வெயிலில் சீக்கிரம் நலியும்.

தைக்கும் முன் கிழிசலின் ஓரத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். காகிதம் போல மேலும் கிழிந்தால் துணி வெயிலில் செத்துவிட்டது, எந்த ஊசியும் அதைக் காப்பாற்றாது. வேலை முடிந்ததும் ஊசியில் ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள். கடல் காற்றில் துருப்பிடித்த ஊசி துணியின் இழையை அறுக்கும்.