சகாரா புழுதியப் பிடிக்க மோடிஸா, மீட்டியோசாட்டா?

புழுதிப் புயல்னாலே நிறைய பேர் நேரா போறது நாசாவோட மோடிஸ் படத்துக்குத்தான். தப்பில்ல, 250 மீட்டர் வரைக்கும் தெளிவாக் காட்டும், 2020 ஜூன்ல சகாரா புழுதி அட்லாண்டிக்கத் தாண்டி கரீபியன் தீவுகள மூடுனப்ப, நீலக் கடல் மேல அந்தப் பழுப்புப் பட்டை எங்க வரைக்கும் போயிருக்குன்னு சின்னப் பிள்ளைக்கும் புரியற மாதிரி இருந்துச்சு. கடல் மேலன்னா எனக்கு மோடிஸ்தான்.

ஆனா புழுதி பாலைவனத்து மேலயே இருந்தா? கீழயும் மணல் கலர், மேலயும் மணல் கலர், எங்கன்னு பிரிக்கறது. அதோட நேரப் பிரச்சனை வேற. மோடிஸ் கருவி இருக்கறது டெர்ரா, அக்வான்னு ரெண்டு செயற்கைக்கோள்ல. டெர்ரா காலைல 10:30 வாக்குல, அக்வா மதியம் 1:30 வாக்குல கடக்கற மாதிரி விட்டது. சகாராவுக்குத் தெக்க இருக்கற சாஹேல் பக்கம் இடிமழை மேகத்துலேர்ந்து குளிர்காத்து கீழ இறங்கி புழுதிச் சுவரா கிளம்பறது பெரும்பாலும் சாயங்காலமும் ராத்திரியும்தான், அந்நேரம் கலர் படம் எங்க கிடைக்கும்?

அங்கதான் ஐரோப்பாவோட வானிலை செயற்கைக்கோள் மீட்டியோசாட். 36,000 கிமீ உயரத்துல ஒரே எடத்துக்கு மேல நின்னுகிட்டு, அதோட ரெண்டாம் தலைமுறைல இருக்கற செவிரி கருவி 15 நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்பும். 8.7, 10.8, 12 மைக்ரான் அலைநீளம்னு மூணு இன்ஃப்ராரெட் சேனல வச்சு கலர் போடறாங்க, புழுதி 12 மைக்ரான விட 10.8ல வெப்பத்த அதிகமா உறிஞ்சறதால பளிச்னு பிங்க்கா தெரியும், வெப்பத்தப் பாக்கறதால ராத்திரியும் வேலை செய்யும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, படங்கள வரிசையா ஓட்டி அப்படியே பின்னாடி போனா சாட் நாட்டு போடேலே பள்ளம் மாதிரி புழுதி கிளம்பின எடத்துக்கே கொண்டு போய் விட்டுடும். ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு படத்த வச்சு இதச் செய்யவே முடியாது. குறைன்னா, பிக்சல் நடுப்பகுதிலயே 3 கிமீ, ஓரத்துக்குப் போகப் போக இன்னும் பெருசாகும், காத்துல ஈரம் ஜாஸ்தின்னா பிங்க் மங்கிடும்.

உயரம் ரெண்டுலயும் நேரா தெரியாது. அதுக்கு லேசர் வேணும், 2006லேர்ந்து 2023 வரைக்கும் காலிப்ஸோங்கற செயற்கைக்கோள் பாத்துச்சு, 2024ல போன எர்த்கேர் செயற்கைக்கோள்லயும் லேசர் இருக்கு, ஆனா தான் போற பாதைக்கு நேர் கீழ ஒரு மெல்லிசு கோடு மட்டும்தான் பாக்கும்.

மேகத்துக்கு அடியில ஒளிஞ்ச புழுதி மோடிஸ், மீட்டியோசாட் ரெண்டுக்குமே தெரியாது. மீட்டியோசாட்ல மேக ஓரத்த விட்டு வெளிய வில்லு மாதிரி ஒரு பிங்க் கோடு எட்டிப் பாக்குதான்னு பொறுமையா காத்திருக்கணும்.