ஆர்வியில் ஹாலோவீன்: எங்கே நிறுத்தினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்?

ஆர்வியில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டியில், கிளம்பிய முதல் அக்டோபரில் சின்னவள் கேட்டாள்: "அம்மா, நாம போய்க் கதவு தட்டுவோம், சரி. நம்ம கதவை யாரு வந்து தட்டுவா?"

அமெரிக்கத் தெருவில் வளரும் பிள்ளைக்கு, அக்டோபர் 31 அன்று வேஷம் போட்டு வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் என்பது மிட்டாய் வாங்குவது மட்டுமில்லை, வாசலில் கிண்ணத்தோடு உட்கார்ந்து கொடுப்பதும்தான். சக்கரத்தில் ஓடுகிற வீட்டுக்கு வாசல் ஏது? மூன்று வருஷம் மூன்று விதமாகப் பார்த்தாகிவிட்டது. இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடுகிறேன்.

எங்கள் ஓட்டு தனியார் கேம்ப்கிரவுண்டுகளின் (ஆர்வி நிறுத்தித் தங்கும் இடங்கள்) ஹாலோவீன் வாரயிறுதிக்கு. 1969இல் விஸ்கான்சினில் முதல் கிளையைத் திறந்த, யோகி என்ற கார்ட்டூன் கரடியை அடையாளமாகக் கொண்ட ஜெல்லிஸ்டோன் பார்க் போன்ற குடும்பக் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் செப்டம்பரிலேயே ஹாலோவீன் தொடங்கிவிடும். சனிக்கிழமை மதியம் வேஷம், சாயங்காலம் சைட் சைட்டாக (சைட் என்பது ஒரு வண்டிக்கான இடம்) போய் மிட்டாய் கேட்கும் டிரிக் ஆர் டிரீட், நடுவே அலங்காரப் போட்டி. வண்டிகள் ஊர்ந்துதான் போகும் என்பதால் எட்டு வயதுப் பையனைத் தனியாக அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்காரலாம். நாமும் சைட்டில் மேசை போட்டு மிட்டாய் கொடுக்கிறோம், அதனால் வாசல் கிடைத்துவிடுகிறது. ஆனால் கையிருப்பு ஜாக்கிரதை: முதல் வருஷம் முந்நூறு மிட்டாய் ஒரு மணி நேரத்தில் காலி. கடைசியில் வந்த இரண்டு டைனோசர்களுக்கு எங்கள் பையனின் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தோம். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

குறை, விலை. அந்த வாரயிறுதிகளில் வாடகை ஏறும், இரண்டு மூன்று இரவு கட்டாயம் என்பார்கள், நல்ல இடங்கள் கோடையிலேயே நிரம்பிவிடும். செலவு உறுத்தினால் ஒஹாயோ, இந்தியானா மாநிலப் பூங்காக்களைப் பாருங்கள். அங்கேயும் அக்டோபர் வாரயிறுதிகளில் இதே கொண்டாட்டம் உண்டு, வாடகை குறைவு. நீச்சல் குளமும் கரடி வேஷம் போட்ட ஆளும் இருக்காது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, 31ஆம் தேதியே ஏதாவது ஊருக்குள் போய் நிஜத் தெருவில் நடப்பது. முன்வாசல் விளக்கு எரிந்தால் தட்டலாம், அணைந்திருந்தால் தாண்டிப் போகணும். நீலப்பச்சை பூசிய பரங்கி வாசலில் இருந்தால் அங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும், அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்காக. நேரத்தை முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள், பல ஊர்களில் நகராட்சியே மணி குறித்துவிடும். ஐயோவாவின் டி மாயின் நகரத்தில் நெடுங்காலம் 30ஆம் தேதிதான் இது நடந்தது. பிள்ளை ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய்! இன்னொன்று: 2007இலிருந்து, கோடைக்காக ஒரு மணி முன்தள்ளிய கடிகாரத்தைத் திருப்பி வைப்பது நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போனதால், 31ஆம் தேதி இருட்ட முன்னைவிட நேரமாகிறது. மேற்கு மிச்சிகனில் ஆறரை மணிக்குத்தான் சூரியன் மறையும். ஐந்தரைக்குப் போனால் பட்டப்பகலில் பேய் வேஷம்.

ஆனால் பத்துப் பன்னிரண்டடி உயர வண்டியைக் கிளை தாழ்ந்த குடியிருப்புத் தெருவில் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள். பின்னால் இழுத்து வரும் சின்னக் கார் இல்லாவிட்டால் இந்த வழியை மறந்துவிடலாம். சின்னவளின் கேள்விக்கும் இங்கே பதில் இல்லை. வாங்குவது மட்டும்தான்.

டிரங்க் ஆர் டிரீட்டில் எனக்கு மனம் ஒட்டவில்லை. சர்ச் அல்லது பள்ளிக்கூட நிறுத்துமிடத்தில் காரின் டிக்கியைத் திறந்து வைத்து மிட்டாய் கொடுப்பார்கள். அரை மணியில் பை நிரம்பிவிடும், நடையும் இல்லை, படபடப்பும் இல்லை. ஒரே ஒரு முறை முன்கூட்டியே கேட்டு, எங்கள் ஆர்வியையும் வரிசையில் நிறுத்தினோம். அடிப்பகுதிச் சாமான் அறையைக் காலி பண்ணி, கறுப்புத் துணி தொங்கவிட்டு, உள்ளே டார்ச்சோடு பையனை உட்காரவைத்தோம். அந்தக் குகைக்குக் கூட்டம் அலைமோதியது. அது டிரங்க் ஆர் டிரீட்டின் பெருமை இல்லை, சாமான் அறையின் பெருமை.

சூனியக்காரி விசாரணைகளுக்குப் பேர்போன மாசச்சூசெட்ஸ் மாநிலச் சேலம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: சிறுபிள்ளைகளோடு அக்டோபரில் வேண்டாம். நகராட்சியின் வின்டர் ஐலண்ட் பூங்காவில் ஆர்வி நிறுத்த இடம் உண்டுதான். ஆனால் 2022 அக்டோபரில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்துபோன குறுகிய தெருக்கள் அவை. 1692இல் சூனியம் செய்தார்கள் என்று 19 பேரைத் தூக்கில் போட்ட கதையை ஆறு வயதுக்கு எப்படிச் சொல்வீர்கள்? ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் கேம்ப்கிரவுண்டான ஃபோர்ட் வில்டர்னஸ் வேறு ரகம். கோல்ஃப் வண்டி ஊர்வலம் கண்கொள்ளாக் காட்சி, ஆனால் ஓர் இரவுக்கே நூறு டாலர் தாண்டிவிடும்.

எங்கே நிறுத்தினாலும் இரண்டு விஷயம். ஆர்வியின் கதவு இரண்டரை அடிதான். எங்கள் வீட்டுத் தேவதை இறக்கையோடு பக்கவாட்டில்தான் இறங்கினாள். மடக்குகிற வேஷமாக வாங்குங்கள். செதுக்கிய பரங்கியை ராத்திரி வெளியே விட்டால் ரக்கூன் வந்து குதறிவிடும். வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் ஆனிங் துணிக்கடியில் மெழுகுவத்தியும் வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். (அந்தப் பெரிய பரங்கியில் சாம்பார் வைத்தும் பார்த்தேன். தண்ணியும் நாரும்தான். விதையை மட்டும் உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வறுத்தால் அமிர்தம்.)

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், வியாழக்கிழமை வந்தன. டென்னசியில் ஒரு கேம்ப்கிரவுண்டில் இருந்தோம். வாரநாள் என்பதால் ஐந்தாறு வண்டிகள்தான், எல்லாம் ஃப்ளோரிடாவுக்குக் குளிர்காலம் கழிக்கப் போகிற வயதானவர்கள். யாரிடமும் மிட்டாய் இருக்காது என்று தெரிந்ததால் திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். பட்டுப் பாவாடைக்கு மேலே சூனியக்காரித் தொப்பியோடு சின்னவளும், எலும்புக்கூடாக அண்ணனும் போய்க் கதவு தட்டி, ஆளுக்கு நாலு முறுக்கும் ஒரு சாக்லேட்டும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

எட்டரை மணிக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. சின்னவள் ஓடிப் போய்த் திறந்தாள். பக்கத்து வண்டித் தாத்தா, தலையில் சமையலறைச் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு, காலிப் பையை நீட்டியபடி நின்றிருந்தார். இன்னும் முறுக்கு இருக்கிறதா என்று கேட்டார்.